கடையில் கிடைக்காததைப் பின்னுங்கள்

(நம் சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் தில்லி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

உற்றார் உறவினருக்கும் சிநேகிதர்களுக்கும் கையால் பின்னிப் பரிசு கொடுப்பதைப் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். கையில் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகச் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். புது டிசைன் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். டிசைன்கள் இன்று யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு பேத்தியை அருகில் உட்காரவைத்துக்கொண்டால் அவளே தேடித் தருவாள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய விஷயம். யாருக்குப் பின்னுவது, எதைப் பின்னுவது, எதைப் பின்னாமல் விடுவது என்பதைப் பற்றி.

முதலில் ஒரு நன்றிக் கடனைச் சொல்லிவிடுகிறேன். உத்தியோகத்தின் பொருட்டு நம்மவர்கள் தில்லிக்கு வந்தபோது, கூட வந்த பெண்களுக்குக் கோலம் தெரியும், பாட்டுத் தெரியும், அப்பளம் இடத் தெரியும். கம்பளி தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருந்ததில்லை. சென்னையில் ஜனவரி மாதத்து இரவின் சராசரிக் குளிர் 21 டிகிரி. தில்லியில் அதே மாதம் 7 டிகிரி. 1947 பிரிவினையின்போது எல்லாவற்றையும் இழந்து வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் லாஜ்பத் நகரிலும், ராஜேந்திர நகரிலும், படேல் நகரிலும் குடியேறின. கரோல்பாக்கிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலும் அவர்கள் நம் அண்டை வீட்டுக்காரர்கள் ஆனார்கள். மதியச் சமையலை முடித்துவிட்டு வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு பின்னிய அந்தப் பெண்கள்தான் நம் மாமிகளுக்குக் குரு. ஊசிக்கு 'சலாய்', கண்ணிக்கு 'பந்தா', நேர்ப் பின்னலுக்கு 'சீதா', மறுபுறப் பின்னலுக்கு 'உல்டா' என்று, காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் ஹிந்தி வருவதற்கு முன்பே நம் மாமிகளுக்கு இந்த ஹிந்தி வந்துவிட்டது. குருதட்சிணையாக இட்லியும் சாம்பார்ப் பொடியும் போனதுண்டு.

1962-ல் சீனாவோடு யுத்தம் வந்தபோது, இமயமலைக் குளிரில் போதிய உடுப்பு இல்லாமல் நம் ஜவான்கள் நின்றார்கள். நாடெங்கும் பெண்கள் அவர்களுக்காக ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். அன்று அந்தப் பொருள் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை, அதனால் பின்னினார்கள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

இன்றைய நிலை வேறு. லூதியானாவிலிருந்து வரும் ஆயத்த ஸ்வெட்டர்கள் கடைகளில் குவிந்திருக்கின்றன. நூல் வாங்கும் விலைக்கே முழு ஸ்வெட்டர் கிடைக்கிறது. இந்த நிலையில் நாம் ஏன் பின்னவேண்டும் என்று கேட்டால், "அன்போடு செய்தது" என்று பதில் சொல்கிறோம். அன்பு சரி. ஆனால் அன்போடு பின்னிய எத்தனையோ ஸ்வெட்டர்கள் மகன் வீட்டு பீரோவிலும் மாட்டுப்பெண் வீட்டு சூட்கேஸிலும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கும் ப்ளவுஸ் பிட் ஒன்பது வீடு சுற்றி நம் வீட்டுக்கே திரும்பி வருமே, அந்தச் சௌகரியம்கூட ஸ்வெட்டருக்கு இல்லை. அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் மனம் வராது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நான்கு ப்ளை நூலில், பத்தாம் நம்பர் ஊசியில், 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி, 36 வரிசை வரும். மார்புச் சுற்று 100, நீளம் 65 சென்டிமீட்டர் உள்ள ஆண்கள் ஸ்வெட்டருக்கு உடல் பகுதி மட்டும் 65,000 கண்ணிகளுக்கு மேல். இரண்டு கைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 90,000. கை பழகியவர் நிமிஷத்துக்கு 30 கண்ணி போட்டால் மொத்தம் 50 மணி நேரம். தினம் ஒரு மணி என்றால் 50 நாள். அத்தனை நாளும் நம் கண்ணும் மணிக்கட்டும் கழுத்தும் உழைக்கின்றன. அது பீரோவுக்குப் போகக்கூடாது.

ஆகவே நான் பழகிக்கொண்ட விதி இது. கடையில் கிடைப்பதைப் பின்னாதீர்கள். கடையில் கிடைக்காததைப் பின்னுங்கள். கடைக்காரரிடம் ஸ்மால், மீடியம், லார்ஜ் இருக்கிறது. வலது தோளைத் தூக்க முடியாத மாமனாருக்கான அளவு அவரிடம் இல்லை. அது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பேரன் பிறக்கப்போகிறான் என்றதும் நாம் செய்வது தொப்பி, ஸ்வெட்டர், பூட்டி என்று ஒரு செட். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 சென்டிமீட்டர். மூன்று மாதத்தில் அது 40 ஆகிவிடும். ஆகவே பிறந்த அளவுக்குப் பின்னினால் சில வாரங்களில் அது போதாது. குழந்தை எந்த மாதம் பிறக்கிறது என்று முதலில் பாருங்கள். சித்திரையில் பிறக்கும் குழந்தைக்கு மார்கழிக் குளிர் வரும்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். அதற்கு எட்டு மாத அளவில், மார்புச் சுற்று 50 சென்டிமீட்டர் வரும்படி பின்னவேண்டும். மார்கழியில் தில்லியில் பிறக்கும் குழந்தைக்கு உடனே தொப்பி வேண்டும். தொப்பி என்பது 6,000 கண்ணிதான், மூன்றரை மணி நேர வேலை.

நம் பாட்டிமார் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டியையும் ஒன்பது கஜப் புடவையையும் கிழித்துத்தான் போடுவார்கள். அதில் இருந்த யோசனையை நாமும் கைக்கொள்ளலாம். எந்த நூலையும் வாங்குமுன் கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். கம்பளி இழை தடிமனாக இருந்தால்தான் உறுத்தும். சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் தோலில் குத்தும். மெரினோ இழை அதைவிட நன்றாக மெலிந்தது, அதனால் உறுத்தாது. பச்சைக் குழந்தைக்குக் கழுத்தில் கட்டும் ரிப்பனும் நாடாவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையான லேஸ் டிசைனில் பூட்டி வேண்டாம், சின்ன விரல் அதில் மாட்டிக்கொள்ளும். உள்பக்கம் தொங்கும் நூலும் விரலைச் சுற்றி இறுக்கலாம். எல்லா நுனிகளையும் தைத்துவிடுங்கள். அறை கதகதப்பாக இருந்தால் தூங்கும் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம். சூடு ஏறும், முகத்தின்மேல் நழுவும்.

இன்னொன்று. பெட்டியில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த கம்பளியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பார்த்தவுடன் தெரியாது. குழந்தைத் துணிக்கு வெயிலும், காற்றுப் புகாத பையும் போதும்.

அடுத்து பெரியவர்கள். என்னைக் கேட்டால் நம் பின்னலுக்கு உண்மையான உரிமை அவர்களுக்குத்தான். தோள் வலி உள்ளவருக்குத் தலைவழியாகப் போடும் ஸ்வெட்டர் ஒரு தண்டனை. அவர்களுக்கு முன்பக்கம் முழுவதும் திறக்கும்படி, கையின் தொடக்கத்தை வழக்கத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமாக வைத்துப் பின்னுங்கள். விரல் முட்டி வீங்கியவர்களால் சிறு பொத்தானைப் போட முடியாது. பெரிய பொத்தானோ, வெல்க்ரோவோ வைக்கலாம். படுக்கையில் இருப்பவருக்கு முதுகுப் பக்கம் திறக்கும் கையில்லாத பனியன்போல ஒன்று பின்னினால், அவரைப் புரட்டாமல் மாட்டிவிடலாம். பார்த்துக்கொள்பவருக்கும் அது பெரிய உபகாரம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மடியோடு நிற்கும் சிறு போர்வை போதும். நீளமாக இருந்தால் சக்கரத்தில் சிக்கும்.

ஸாக்ஸ் விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். புடவையும் செருப்புமாக நடமாடும் நம் பெண்களுக்குக் கட்டைவிரல் பிரிந்த ஸாக்ஸ்தான் சரி. செருப்பு மாட்ட முடியும், மெட்டியும் நெருடாது. ஆனால் வெறும் ஸாக்ஸோடு மொஸைக் தரையிலும் மார்பிளிலும் நடந்தால் வழுக்கும். வயதான காலத்தில் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று இங்கே பலருக்கும் தெரியும். ஸாக்ஸ் கொடுக்கும்போதே வீட்டுச் செருப்பும் ஒன்று சேர்த்துக் கொடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். உள்ளே தையல் முடிச்சு இருந்தால் புண்ணாகும், அவருக்கே தெரியாது. அவர்களுக்குத் தையலே இல்லாமல் வட்டமாக, கணுக்காலில் இறுக்கம் இல்லாமல் பின்னவேண்டும். வட்ட ஊசி இருந்தால் இது சுலபம்.

மூன்றாவது, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள். நம் சங்கத்தில் தில்லிக்காரர்களும் உண்டு, மும்பை, பெங்களூரு, கொல்கத்தாக்காரர்களும் உண்டு. பெங்களூரில் ஜனவரி இரவின் சராசரி 16 டிகிரி. அங்கே இருக்கும் சம்பந்திக்கு தில்லி ஸ்வெட்டரை அனுப்பினால் அவர் வேர்த்துப் போவார். பருத்தி நூலில் ஒரு மெல்லிய சால்வையோ, கையில்லாத ஸ்வெட்டரோ பின்னினால் காலை நடைக்கு ஆகும். சென்னைக்கும் மும்பைக்கும் பருத்தியே உத்தமம். கொலுப் படிக்கு ஒரு விரிப்பு, பூஜைப் பைக்கு ஒரு உறை, குரோஷே ஊசியில் போட்டால் ஊருக்கும் வெயிலுக்கும் பொருந்தும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாத் துணியையும் மெஷினில் போட்டு, டிரையரில் காயவைப்பவர்கள். சாதாரணக் கம்பளியை அப்படிப் போட்டால் இழைகளில் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அப்பா ஸ்வெட்டர் பிள்ளை ஸ்வெட்டராகச் சுருங்கிவிடும். அவர்களுக்கு சூப்பர்வாஷ் என்று பதப்படுத்திய கம்பளியோ அக்ரிலிக்கோதான் சரி. அக்ரிலிக் மலிவு, சுருங்காது, பூச்சி அரிக்காது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பருகில் நிற்பவருக்கும், விளக்கேற்றும் பெரியவர்களுக்கும் அக்ரிலிக் சால்வை வேண்டாம். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. அதனால்தான் அது குளிருக்கு ராஜா.

நான்காவது, உடம்பு சரியில்லாதவர்கள். இதை நம் கூட்டங்களில் நாம் அதிகம் பேசுவதில்லை. கீமோதெரபியால் முடி உதிர்ந்த ஒரு சிநேகிதிக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போகிறோம். அவருக்குத் தேவைப்படுவது, தலையை உறுத்தாத, தையல் இல்லாத ஒரு பருத்திக் குல்லாய். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மெல்லிய நூலில் பின்னிய மார்பக வடிவங்கள் உண்டு. எடையில்லாதவை, மெத்தென்றவை. நம் நாட்டிலும் தன்னார்வப் பெண்கள் இவற்றைப் பின்னி இலவசமாகத் தருகிறார்கள். புண் நன்றாக ஆறிய பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே அணியவேண்டும். சிலிக்கானில் செய்து விற்பவை விலை அதிகம், கனமும் அதிகம். ஒரு பெண்மணி மறுபடியும் கோவிலுக்கும் கச்சேரிக்கும் கூச்சமில்லாமல் வருவதற்கு நம் ஒரு கோலா நூல் போதும் என்றால், அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது?

இனி, பின்னாமல் விடவேண்டியதைச் சொல்கிறேன். இருபது வயதுப் பேரனுக்கு அவனைக் கேட்காமல் எதையும் பின்னாதீர்கள். நிறத்தையும் அவனே சொல்லட்டும். "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்கோ மாமி" என்று கடைச் சாமான் கேட்பதுபோல் கேட்பவர்களிடம், "வாங்கோ, சொல்லித் தரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு மாட்டுப்பெண்களில் ஒருத்திக்குப் போட்டால் இன்னொருத்திக்கும் போட்டாகவேண்டும் என்ற கணக்கும் வேண்டாம். யாருக்குத் தேவையோ அவளுக்குப் போடுகிறோம் என்பதை இருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. தேவைதான் அளவுகோல். உறவின் வரிசை அளவுகோல் ஆகிவிட்டால் பின்னல் சீர்வரிசையாக மாறிவிடும்.

செய்முறையில் நான்கே வார்த்தை. அளவு எடுக்க ஆளை நிற்கவைக்க வேண்டாம். அவருக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய ஸ்வெட்டரைத் தரையில் பரப்பி அளந்தால் போதும். நூல் மொத்தத்தையும் ஒரே தடவையில், ஒரே லாட் நம்பரில் வாங்குங்கள். முழுக்கை ஸ்வெட்டருக்கு 400 முதல் 500 கிராம் ஆகும். லாட் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும், பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். கண்புரை உள்ளவர்கள் கறுப்பும் நீலமும் எடுக்காமல் வெளிர் நிறம் எடுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஊசியைக் கீழே வைத்து விரல்களை நீட்டி மடக்குங்கள். கை மரத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆடி மாதத்தில் நூல் வாங்கினால் அவசரமில்லாமல் மார்கழிக்கு முடியும்.

கொடுக்கும்போது ஒரு சீட்டும் சேர்த்து வையுங்கள். என்ன நூல், வெந்நீர் கூடாது, முறுக்கிப் பிழியக்கூடாது, கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும் என்று நான்கு வரி. ஒட்டுப்போட அதே நூலில் ஒரு சிறு உருண்டை. கொடுத்த பிறகு, "போட்டுண்டியா?" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்காதீர்கள். கொடுத்தது கொடுத்ததுதான். அவர் அதைப் பிறருக்குக் கொடுத்தாலும், அவருக்கு அதன் தேவை முடிந்தது என்று எண்ணிக்கொள்ளலாம். சிறியதாகிப்போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். அண்ணாவின் ஸ்வெட்டர் தம்பியின் அரைக்கை ஸ்வெட்டராக, பிறகு பாப்பாவின் தொப்பியாக மாறியதை நம் வீடுகள் பார்த்திருக்கின்றன.

கடைசியாக ஒரு கவலையும் ஒரு வேண்டுகோளும். பஞ்சாபிப் பெண்களிடம் கற்றுக்கொண்ட அந்த முதல் தலைமுறை மாமிகளில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களில் பலர் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, தனியாக இருக்கிறார்கள். ஊசிகள் பரணில் இருக்கின்றன. "யாருக்குப் போடறது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது நாம். 2016 ஜனவரியில் சென்னையில் ஏராளமான பெண்கள் சேர்ந்து குரோஷே போர்வைகளை இணைத்து, 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஒரே போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். நமக்குச் சாதனை வேண்டாம். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் மாதம் ஒரு மதியம், தெரிந்தவர் ஒருவரும் தெரியாதவர் இருவருமாக உட்கார்ந்தால் போதும். தனியாக இருக்கும் மாமியின் வீட்டிலேயே உட்காருங்கள். காபி அவர் போடட்டும், நூல் நீங்கள் கொண்டுபோங்கள். நம் உறுப்பினர்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார், சிகிச்சையில் இருப்பவர்கள் யார் என்று அந்தந்தக் கிளைக்குத் தெரியும். அவர்கள் சம்மதம் கேட்டு, அளவு எடுத்து வாருங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களில், கடையில் வாங்கிய எதுவும் சரியாகப் பொருந்தாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரையும், அவருக்கு எங்கே இறுக்குகிறது, எங்கே வலிக்கிறது என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். டிசைன் பிறகு தானாக வரும்.